முதலில் மீட்டர், பிறகு பேனல்: வாசகர் கேள்வி பதில்

வீட்டிலேயே சொந்தமாகச் சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் தயாரிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் தோட்டத்து வீடுகளுக்குச் சோலார் அமைக்க உதவி வருகிறேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "எத்தனை பேனல் வாங்கலாம்?" என்றுதான் தொடங்குகின்றன. வீட்டில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று ஒரு சிலரே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு இல்லாமல் என்னால் பதில் சொல்ல முடியாது. கடைக்காரராலும் முடியாது, ஆனால் அவர் சொல்லிவிடுவார்.

கேள்வி: இரண்டு மின்விசிறி, நான்கு எல்.இ.டி. விளக்கு, ஒரு டி.வி., இணைய ரவுட்டர். இவ்வளவையும் சோலாரில் ஓட்ட வேண்டும். நானும் என் கணவருமே பொருத்திக்கொள்ள நினைக்கிறோம். என்ன வாங்க வேண்டும்?
(இல்லத்தரசி, திருப்பூர்)

பதில்: எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டு மின்வாரிய மீட்டரின் எதிரே கைக்கடிகாரத்துடன் நில்லுங்கள். மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பதைப் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு மின்விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். விளக்கு ஒரு முறை மின்னுவதற்கும் அடுத்த முறை மின்னுவதற்கும் இடையே எத்தனை விநாடி என்று பாருங்கள். 1125ஐ அந்த விநாடியால் வகுத்தால் அந்த விசிறி இழுக்கும் வாட் கிடைத்துவிடும். 15 விநாடிக்கு ஒரு முறை மின்னினால் 75 வாட். மீட்டரில் 3200க்குப் பதிலாக வேறு எண் இருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து வருவதை 1125க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையை ஒவ்வொரு சாதனத்துக்கும் செய்து ஒரு தாளில் எழுதுங்கள்.

பழைய விசிறி 75 வாட் இழுத்தால், இரண்டு விசிறி பத்து மணி நேரம் ஓடுவதற்கு ஒன்றரை யூனிட் போய்விடும். பி.எல்.டி.சி. எனப்படும், நிரந்தரக் காந்த மோட்டார் உள்ள புதுவகை விசிறி ஏறக்குறைய 30 வாட்தான் எடுக்கும். அதே பத்து மணி நேரத்துக்கு 0.6 யூனிட். ஆகவே உங்களுடைய முதல் செலவு விசிறியை மாற்றுவதாக இருக்கட்டும். மிச்சமாகும் 0.9 யூனிட்டைத் தயாரிக்க எவ்வளவு பேனலும் பேட்டரியும் தேவைப்படும் என்று விலை போட்டுப் பாருங்கள். விசிறியின் விலை சிறியதாகத் தெரியும்.

இனி மொத்தக் கணக்கு. விசிறிகள் 0.6 யூனிட். நான்கு 9 வாட் விளக்குகள் ஐந்து மணி நேரத்துக்கு 0.18. அறுபது வாட் டி.வி. நான்கு மணி நேரத்துக்கு 0.24. ரவுட்டர் பத்து வாட்தான் என்றாலும் இரவும் பகலும் ஓடுவதால் அதுவும் 0.24. ஆக, ஒரு நாளைக்கு ஒன்றே கால் யூனிட். இத்துடன் யாரும் சேர்க்காத ஒரு செலவு உண்டு. இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 15 வாட் என்று கொண்டாலும் 24 மணி நேரத்தில் 0.36 யூனிட். உங்கள் டி.வி.யைவிட அது அதிகம் தின்கிறது. பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் நாளொன்றுக்கு இரண்டு யூனிட் தயாரிக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு நான்கு யூனிட் தரும். எனவே 540 வாட் பேனல் ஒன்று உங்களுக்குச் சரியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் அது போதாது. அந்த நாட்களுக்காக இரண்டாவது பேனல் வாங்கிப் போட வேண்டாம். மின்வாரிய மின்சாரம்தான் வீட்டில் இருக்கிறதே. பேனலைத் தெற்கு நோக்கி, 10 முதல் 12 டிகிரி சாய்வில் வையுங்கள். சித்திரையில் சூரியன் நம் தலைக்கு மேலே வந்துவிடுகிறது என்பதால் அதிகச் சாய்வு தேவையில்லை. முற்றிலும் படுக்கையாகவும் வைக்கக் கூடாது. மழைத்தண்ணீர் வழிந்து தூசியை இழுத்துப் போக அந்தச் சாய்வு வேண்டும்.

பேட்டரிக்கு வருவோம். இரவில் உங்களுக்கு ஏறக்குறைய 1.3 யூனிட் வேண்டும். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருக்கிறது என்று எழுதியிருந்தாலும், நீங்கள் எடுக்கத்தக்கது 0.9 தான். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் அமைப்பாக வைத்தால் போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் எண்பது சதவீதம் வரை இறக்கலாம். விலை கூடுதல், ஆனால் தண்ணீர் ஊற்றும் வேலை கிடையாது, பல மடங்கு நாள் உழைக்கும். பணம் இருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கேள்வி: 540 வாட் பேனல் வாங்கி, கடையில் கொடுத்த சார்ஜ் கன்ட்ரோலர் (பேட்டரி ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கருவி) மூலம் ஒரு 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தேன். உச்சி வெயிலிலும் 170 வாட்டைத் தாண்டவில்லை. பேனல் போலியா?
(விவசாயி, பொள்ளாச்சி)

பதில்: பேனல் மேல் குற்றமில்லை. உங்களுக்குக் கொடுத்தது பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர். அது பேனலையும் பேட்டரியையும் நேரடியாகக் கோத்துவிடும் ஒரு சுவிட்ச்தான். உங்கள் பேனல் ஏறக்குறைய 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தரக்கூடியது. இரண்டையும் பெருக்கினால்தான் 540 வருகிறது. பேட்டரியோடு கோத்ததும் பேனல் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஆம்பியர் அதே 13. பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்குங்கள்: 169. உங்கள் 170 வாட் அங்கேதான் இருக்கிறது.

எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலர் வாங்கினால் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். அப்போது பேட்டரிக்குள் 35 ஆம்பியருக்கு மேல் பாயும். உங்கள் பேட்டரி அதைத் தாங்குமா என்று அதன் லேபிளைப் பாருங்கள். இன்னொரு பேட்டரி சேர்த்து 24 வோல்ட் ஆக்கிவிட்டால் இந்தக் கவலையும் குறையும். எது செய்தாலும் ஒன்றை இன்றே பாருங்கள்: இணைப்பு எதுவும் இல்லாத நிலையில் அந்தப் பேனல் 49 வோல்ட் வரை காட்டும். சிறிய கன்ட்ரோலர்கள் பலவற்றின் தாங்கும் அளவு அதற்குக் குறைவு. பேட்டரி ஒயர் கழன்றால் கன்ட்ரோலர் கருகிவிடும்.

முழு 540ஐ என்றைக்கும் எதிர்பார்க்க வேண்டாம். அந்த எண் பேனலின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. பங்குனி, சித்திரை நண்பகலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறைவதால் எட்டில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். இதனால்தான் பேனலுக்கும் தளத்துக்கும் இடையே காற்றோட்டத்துக்கு இடம்விடச் சொல்கிறோம். தகரக் கூரையோடு ஒட்டிப் பதித்துவிடாதீர்கள்.

கேள்வி: மானியத்தில் மூன்று கிலோவாட் சோலார் போட்டோம். நண்பகலில் கரண்ட் போனால் வீடு முழுவதும் அணைந்துவிடுகிறது. வெயில் கொளுத்தும்போது சோலார் ஏன் நிற்கிறது? பொருத்தியவர் ஏமாற்றிவிட்டாரா?
(வங்கி ஊழியர், சென்னை)

பதில்: ஏமாற்றவில்லை. ஆனால் இதை முன்கூட்டியே உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். மின்வாரியக் கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று கண்டதும் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால் உங்கள் மாடியில் தயாராகும் மின்சாரம் தெருக்கம்பிக்குள் போகும். மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அந்தக் கம்பியைத் தொடுவார். என் மாணவர்களில் பலர் இன்று அந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துக்கொண்டுதான் அடுத்ததைச் சொல்கிறேன்.

சில கடைகளில் பிளக்கில் சொருகினால் போதும் என்று சொல்லிச் சிறிய இன்வெர்ட்டர்கள் விற்கப்படுகின்றன. மின்தடையின்போது ஜெனரேட்டரையோ பேட்டரி இன்வெர்ட்டரையோ சுவர் சாக்கெட்டில் சொருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். செய்பவரைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். வீட்டு மின்சாரமும் தெரு மின்சாரமும் ஒரே நேரத்தில் சேர முடியாதபடி தடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் எந்த மாற்று மின்சாரமும் வீட்டு ஒயரிங்கைத் தொடக் கூடாது.

உங்களுக்கு மின்தடையிலும் சோலார் வேண்டுமென்றால், மின்வாரியக் கம்பியோடும் பேட்டரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. அதை மாற்றுவதற்கு முன் மின்வாரியத்தின் ஒப்புதலைக் கேளுங்கள். நாம் கம்பிக்குக் கொடுத்ததையும் கம்பியிலிருந்து எடுத்ததையும் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டர் இணைப்பில் நாமாக எதையும் மாற்றக் கூடாது.

கேள்வி: நானே பொருத்திக்கொண்டால் மத்திய அரசின் மானியம் கிடைக்குமா?
(கடை உரிமையாளர், விருதுநகர்)

பதில்: கிடைக்காது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் தருகிறார்கள். பதிவு பெற்ற நிறுவனம் பொருத்தியிருக்க வேண்டும், இந்தியாவில் தயாரான பேனலாக இருக்க வேண்டும், மின்வாரியக் கம்பியோடு இணைந்திருக்க வேண்டும். மூன்று கிலோவாட் போடும் அளவுக்கு உங்களுக்குச் செலவாகிறது என்றால் மானிய வழியே நல்லது. சொந்தக் கை வேலை, கம்பியோடு சேராத சிறிய அமைப்புகளுக்கு ஏற்றது.

கேள்வி: எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் இடம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நேரில் பார்க்கலாம். சுற்றிலும் பெரிய காற்றாலைகள். மொட்டை மாடியில் ஒரு கிலோவாட் சிறிய காற்றாலை வைத்தால் வீட்டுக்கே போதும் என்கிறார்கள். வாங்கலாமா?
(விசைத்தறி உரிமையாளர், பல்லடம்)

பதில்: உங்கள் ஊர்க்காற்று நல்ல காற்று. பாலக்காடு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம் ஆகிய கணவாய்களின் வழியே மேற்குக் காற்று குவிந்து பாய்வதால்தான் தமிழ்நாட்டில் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் அந்தக் காற்று உங்கள் மொட்டை மாடிக்கு வருவதில்லை. அங்கே வருவது அதன் உடைந்த துண்டுகள்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வாரம் வந்த கடிதங்களில் பலரும் இதையே கேட்டிருக்கிறார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் சக்தி எட்டு மடங்காகும். திருப்பிப் பாருங்கள்: வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்று. ஒரு கிலோவாட் என்று பெட்டியில் போட்டிருப்பது, பெரும்பாலும் நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் கிடைக்கும் அளவு. நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில், அதாவது இலைகள் விடாமல் அசைந்துகொண்டிருக்கும் காற்றில், அதே இயந்திரம் தருவது 27இல் ஒரு பங்கு. ஆயிரம் வாட்டை 27ஆல் வகுத்தால் 37 வாட். அதையும் தராமல் நிற்கும் இயந்திரங்கள் உண்டு.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் குறுக்களவு இரண்டு மீட்டர் என்றால் பரப்பு 3.14 சதுர மீட்டர். நொடிக்கு நான்கு மீட்டர் காற்றில் அந்தப் பரப்பின் வழியே போகும் மொத்தச் சக்தியே 115 வாட்தான். அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். வீட்டளவு இயந்திரங்கள் கால் பங்கு எடுத்தாலே நன்று. ஆக 25, 30 வாட். இறக்கையின் அளவைச் சொல்லாமல் வாட்டை மட்டும் சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

மாடிக்கு வருவோம். கட்டடத்தின் சுவரில் மோதும் காற்று மேலெழுந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டிச் சுருண்டு சுழல்கிறது. அந்தச் சுழலில் இறக்கை ஒரு நொடி கிழக்கே திரும்பும், மறுநொடி தெற்கே. மின்சாரம் வராது, பேரிங் தேயும், அதிர்வு கம்பத்தின் வழியே தளத்தில் இறங்கி இரவு முழுவதும் வீட்டுக்குள் உறுமும். பம்பரம்போல் சுற்றும் நிமிர்ந்த அச்சு இயந்திரங்களுக்குத் திசை பிரச்சினை இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் திசை எதுவானாலும் மாடியில் காற்றின் வேகமே குறைவு. அதற்கு அந்த வடிவத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சுற்றிலும் 500 அடிக்குள் இருக்கும் எல்லாவற்றையும்விட இறக்கையின் அடிமுனை 30 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது சிறிய காற்றாலை வைப்பவர்களின் பழைய விதி. உங்கள் பக்கத்தில் தென்னை 60 அடி நிற்கிறது. கம்பம் 90 அடிக்கும் மேல் வேண்டும். பெரிய காற்றாலைகளை 100 மீட்டர் உயரத்தில் தூக்கி வைப்பது வீண் ஆடம்பரத்துக்காக இல்லை.

காற்றே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனித்த தோட்டம், மரமில்லாத மேட்டு நிலம், மின்கம்பி எட்டாத இடம் என்றால் நானே கம்பம் நட வருவேன். உங்கள் வட்டாரத்தில் அதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை மேகம் மூடிப் பேனல் சோர்ந்திருக்கும் நாட்களில்தான் கணவாய்க் காற்று உரக்க அடிக்கும். ஒன்று குறையும்போது மற்றொன்று கூடும். கடலூரிலோ சென்னையிலோ இந்தச் சேர்க்கை இப்படி அமையாது. அங்கே வானம் மூடும் வடகிழக்குப் பருவத்தில், புயல் நாட்களைத் தவிர, நம்பத்தக்க காற்றும் இருக்காது.

ஆகவே முதலில் காற்றுமானி ஒன்று வாங்கி, நினைத்திருக்கும் உயரத்தில் ஒரு குழாயில் கட்டி, ஆடி ஒரு மாதமும் தை ஒரு மாதமும் வேகத்தைக் குறித்து வையுங்கள். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் பெரிய காற்றாலைகளுக்கு இடம் தேட இதையேதான் பெரிய அளவில் செய்கிறது. ஆண்டுச் சராசரி நொடிக்கு ஐந்து மீட்டரைத் தொடாவிட்டால் அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு பேனல் போடுங்கள்.

கேள்வி: டீச்சர், நான் பதினோராம் வகுப்புப் படிக்கிறேன். பழைய மின்விசிறி மோட்டாரில் பி.வி.சி. குழாய் இறக்கை பொருத்திக் காற்றாலை செய்தேன். நன்றாகச் சுற்றுகிறது, மின்சாரம் துளியும் வரவில்லை. ஏன்?
(மாணவர், சங்கரன்கோவில்)

பதில்: தம்பி, இறக்கை சுற்றும்படி செய்ததே பெரிய வேலை. அதில் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். பழைய மின்விசிறிக்குள் காந்தம் கிடையாது. மின்வாரிய மின்சாரம் சுருளில் பாய்ந்தால்தான் அதில் காந்தப்புலம் உண்டாகும். நிரந்தரக் காந்தம் இல்லாத மோட்டாரை வெறுமனே சுற்றினால் சுருளில் எதுவும் பிறக்காது.

பழுதான பி.எல்.டி.சி. மின்விசிறி ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடுங்கள். அவற்றில் பெரும்பாலும் மின்னணுப் பலகைதான் கெட்டிருக்கும். காந்தமும் சுருளும் நன்றாக இருக்கும். பலகையைக் கழற்றிவிட்டால் சுருளிலிருந்து மூன்று ஒயர்கள் வரும். கையால் சுற்றிக்கொண்டே ஏதாவது இரண்டு ஒயருக்கு இடையே மல்டிமீட்டரை ஏ.சி.யில் (திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டம்) வைத்து அளந்து பாருங்கள். எந்த இரண்டை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே வோல்ட் காட்டினால் சுருள் நலம். பிறகு மூன்றையும் ஒரு மூன்று பேஸ் பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் கொடுத்தால் டி.சி. (ஒரே திசையில் பாயும் மின்னோட்டம்) வந்துவிடும்.

ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள இறக்கை, நொடிக்கு ஐந்து மீட்டர் காற்றில் உங்களுக்குத் தரக்கூடியது இருபது, இருபத்தைந்து வாட். ஒரு சிறிய பேட்டரியை ஏற்றி, படிக்கும் மேசைக்கு விளக்கெரிக்க அது தாராளம். அந்தக் காற்றில் இறக்கையின் நுனி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். மூன்று இறக்கைகளையும் தராசில் நிறுத்து ஒரே எடைக்குக் கொண்டுவாருங்கள். எடை மாறுபட்டால் கம்பம் ஆடும். காற்று பலமாக அடிக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றக் கூடாது. சுமை இல்லாத காற்றாலை வெறிபிடித்துச் சுற்றி உடைந்துவிடும். மூன்று ஒயர்களையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடும் ஒரு சுவிட்சைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்; அதுதான் பிரேக். சுற்றுவது வேகமாக இல்லாத நேரத்தில் அதைப் போட்டால் மெல்ல நின்றுவிடும். அந்தச் சுவிட்சைப் பொருத்தாமல் இறக்கையைக் காற்றில் விடாதீர்கள், பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் கம்பத்தைத் தூக்காதீர்கள். செய்து முடித்ததும் அளவுகளோடு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

கேள்வி: தோட்டத்தில் மோட்டார் அறைக்கூரையில் பேனலும் பேட்டரியும் இருக்கின்றன. இருபது மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு 12 வோல்ட் ஒயர் இழுத்தேன். விளக்குகள் மங்கலாகவே எரிகின்றன.
(விவசாயி, ஒட்டன்சத்திரம்)

பதில்: நீங்கள் எழுதியபடி 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் பத்து ஆம்பியர் போகிறது. போக 20 மீட்டர், வர 20 மீட்டர், ஆக 40 மீட்டர் செம்பு. அதன் தடை 0.46 ஓம். பத்து ஆம்பியருக்கு 4.6 வோல்ட் ஒயரிலேயே விழுந்துவிடுகிறது. பேட்டரியில் 12 இருந்தாலும் வீட்டுக்கு வருவது ஏழரைதான். ஒயரை மூன்று மடங்கு கனமாக மாற்றலாம். செம்பு விற்கும் விலையில் அது கசக்கும். வோல்டேஜைக் கூட்டுவதே வழி. 48 வோல்ட் அமைப்பில் அதே 120 வாட்டுக்கு இரண்டரை ஆம்பியர் போதும். வோல்டேஜ் நான்கு மடங்கானால் ஒயரில் வீணாவது பதினாறில் ஒரு பங்காகிவிடும். அல்லது இன்வெர்ட்டரை மோட்டார் அறையிலேயே வைத்து 230 வோல்ட்டாக அனுப்புங்கள்.

கேள்வி: வீட்டு மெயின் போர்டில் மிச்சமிருந்த எம்.சி.பி.யை (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) பேனல் ஒயரில் போடலாமா?
(எலக்ட்ரீஷியன், கரூர்)

பதில்: கூடாது. ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால், சுவிட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணைகிறது. டி.சி. ஒருபோதும் பூஜ்யத்துக்கு வராது. தொடராக இணைத்த பேனல்களின் உயர் வோல்டேஜில் அந்தப் பொறி அணையாமல் நின்று எரிந்து எம்.சி.பி.யையே உருக்கிவிடும். டி.சி.க்கென்றே செய்த எம்.சி.பி. வாங்குங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு அடிக்குள் டி.சி. ஃபியூஸ் இருக்கட்டும். ஸ்பேனர் ஒன்று இரு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். பேட்டரி வேலையின்போது மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு தென்னை ஓலையின் நிழல்தான் விழுகிறது. பாதிப்பு உண்டா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: உண்டு. பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. ஒரு செல்லை நிழல் மறைத்தால் பேனலின் மூன்றில் ஒரு பங்கு ஒதுங்கிவிடக்கூடும். ஓலையைக் கழிக்க முடியாவிட்டால் பேனலை நகர்த்துங்கள். கழுவுவதைக் காலை வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு மிகுந்த போர்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் கட்டிவிடும் என்பதால் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய மின்சார ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்து நல்ல செல்களைச் சேர்த்து வீட்டு பேட்டரி செய்ய வீடியோக்கள் பார்த்தேன். செலவு மிகவும் குறைவு. செய்யலாமா?
(கார் மெக்கானிக், சேலம்)

பதில்: வேண்டாம் என்பதே என் பதில். வெவ்வேறு அளவு தேய்ந்த லித்தியம் செல்களை ஒன்றாகக் கோத்தால் பலவீனமான செல் முதலில் அளவு மீறி ஏறும். ஸ்கூட்டர்களில் பயன்படும் சில வகைச் செல்கள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி எளிதில் அணைக்க முடியாது. குழந்தைகள் தூங்கும் வீட்டுக்குள் அதை வைக்க எந்தச் சிக்கனமும் ஈடாகாது. புதிய இரும்பு பாஸ்பேட் செல்களையும் செல்களைக் கண்காணித்துக் காக்கும் நல்ல பி.எம்.எஸ். பலகையையும் வாங்கிச் செய்வதென்றால் உதவத் தயாராக இருக்கிறேன்.

ஈய பேட்டரி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் நான்கு சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு அது. சமையலறை, பூஜை அறை, படுக்கையறை மூன்றிலும் வைக்கக் கூடாது. ஜன்னலோடு கூடிய திண்ணையோ மாடிப்படி அடியோ போதும்.

கேள்வி: கஜா புயலில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பேனல்கள் சட்டத்தோடு பெயர்ந்து போயின. இப்போது நாங்கள் நான்கு பேனல் வைக்கிறோம். எப்படிப் பிணைப்பது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், வேதாரண்யம்)

பதில்: ஐயா, 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா கரையேறியது உங்கள் பகுதியில்தான். அந்த வேகத்தை வைத்தே கணக்கிடுவோம். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று, ஒரு 540 வாட் பேனலின் இரண்டரைச் சதுர மீட்டர் பரப்பில் கொடுக்கும் விசை ஏறக்குறைய 175 கிலோ. பேனலின் எடையோ 30 கிலோகூட இல்லை. நான்கு பேனலையும் சேர்த்து 700 கிலோவைத் தூக்கும் கை ஒன்று அடியிலிருந்து தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே செங்கல் அடுக்கி வைப்பதெல்லாம் அதற்கு முன் நிற்காது.

சாய்வை 10 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். தளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது மூன்றடி உள்ளே தள்ளி வையுங்கள். விளிம்பில்தான் காற்றின் இழுப்பு அதிகம். சட்டம் துத்தநாகம் பூசியதாக, போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உங்கள் உப்பளக் காற்றில் சாதாரண போல்ட் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். கால்களைத் தளத்தில் துளையிட்டு, ரசாயனப் பசை ஆங்கர் போட்டு இறக்குங்கள்; துளையைச் சுற்றி நீர்க்கசிவு வராமல் பூச வேண்டும். தளம் பழையதாக இருந்தால் துளையிடாமல், கம்பி கட்டிய கான்கிரீட் கட்டைகளை அங்கேயே வார்த்து அவற்றில் பிணைப்பது நல்லது. அந்த எடையைத் தளம் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேனலைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளாம்ப்புகளை ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில், மழைக்கு முன், முறுக்கிப் பாருங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் டி.சி. சுவிட்சை அணைத்து, ஏ.சி. பக்கத்தையும் அணைத்துவிடுங்கள். காற்றாலை வைத்திருப்பவர்கள் பிரேக் சுவிட்சைப் போட்டு, சாய்க்கக்கூடிய கம்பமாக இருந்தால் காற்று வலுப்பதற்கு முன்பே கீழே இறக்கிக் கட்டிவிட வேண்டும். புயல் அடிக்கும்போது யாரும் மாடிக்கு ஏறக் கூடாது. மறுநாள் பேனல் கண்ணாடி உடைந்திருந்தாலும் வெளிச்சம் பட்டால் அதில் மின்சாரம் வரும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். உலர்ந்த ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தார்ப்பாயால் மூடிவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.